தங்கலுக்குப் போகிற பேட்டரி

டாக்டர் இருதயத்தில் ஓட்டை என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் படுத்துக்கொள்கிற மனிதன், பேட்டரிக் கடைக்காரன் "செல் போய்விட்டது" என்று சொன்னால் மட்டும், பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்பான்.

இந்தத் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வருஷம். பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் கடை. கூட வேலை பார்ப்பவர் முருகையா. என்னைவிட நாலு வயது மூத்தவர், என்னைவிட நாலு மடங்கு குறைவாகப் பேசுகிறவர். உங்களிடம் இதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பைக் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்க, எதிர்வீட்டுக்காரர் பார்க்கப் பார்க்கக் கிக்கரை உதைத்து வேர்த்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். நீங்களும் போன மாதமே மாற்றியிருக்க வேண்டியவர்கள். எனக்குத் தெரியும்.

கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?" அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் பேட்டரிக் கடை வைத்திருக்கமாட்டேன், கிளியை வைத்து ஜோசியம் பார்த்திருப்பேன்.

ஒற்றுமையான குடும்பம்

தச்சநல்லூரில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு இன்வெர்ட்டருக்கு நான் பேட்டரி போட்டுக் கொடுத்து ஏழு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் வந்து, "மாற்றணுமா?" என்று கேட்பார். "மாற்றணும் சார்" என்பேன். "யோசிக்கிறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

யோசித்து என்ன செய்தார் என்பது போன வருஷம்தான் தெரிந்தது. முதலில் டிவியை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்திருக்கிறார். அடுத்த வருஷம் மாடி ஃபேனை. அதற்கடுத்த வருஷம் ஹால் ஃபேனை. பேட்டரி இளைக்க இளைக்க அவரும் வீட்டைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது மிச்சம் இருந்தது ஒரு படுக்கையறை ஃபேனும் ஒரு விளக்கும். "சார், இதற்கு மேல் எதை எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கரண்டு போனா நாங்க அஞ்சு பேரும் இந்த ஒரே ரூம்ல வந்து உக்காந்து பேசிக்கிட்டு இருக்கோம், அதைக் கெடுக்கதுக்குன்னே வாரீரா?"

நேற்று எடுத்தது, இன்றைக்கு எடுக்கிறது

வீட்டு பேட்டரி படுத்தால் வேர்க்கும், அவ்வளவுதான். கடலுக்குப் போகிற பேட்டரி அப்படி இல்லை. கொற்கையைத் தாண்டி, ஆறு கடலில் சேருகிற பக்கம் ஒரு கரை இருக்கிறது. அங்கே யாரோ ஒருவருக்கு எப்போதோ நான் கொடுத்த பேட்டரி ஐந்து வருஷம் ஓடித் தொலைத்துவிட்டது. அந்தப் பாவத்துக்கு இப்போது அந்தக் கரையே பேட்டைக்கு வருகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் இரண்டு மாதம் சும்மா நிற்கும்போதுதான் எல்லாருக்கும் பேட்டரி என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

அப்படி வந்தவர் ரொசாரி அண்ணாச்சி. சொந்தப் படகு. ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு, தன்னோடு எட்டுப் பேராகத் தங்கல் போகிறவர். தங்கல் என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் வருவது அல்ல. ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிப்பது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து எடுக்க, விளக்கு எரிய, வயர்லெஸ்ஸில் பேச, வழி காட்டும் ஜிபிஎஸ்ஸைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் ஒரு சோடி பேட்டரிதான். கையால் சுற்றி எடுக்கிற பழைய எஞ்சினும் இல்லை. ரோட்டில் வண்டி நின்றால் நாலு பேர் தள்ளிவிடுவார்கள். அங்கே தள்ளுவதற்கு அலை மட்டும்தான் இருக்கிறது, அதுவும் தனக்குப் பிடித்த பக்கமாகத்தான் தள்ளும்.

அண்ணாச்சி இரண்டு பேட்டரியையும் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டுக்கும் நாலு வயது. டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. ஹைட்ரோமீட்டர் குழாயில் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன், உள்ளே இருக்கிற மிதவை எழும்ப மனமில்லாமல் பாதியில் நின்றது. "ரெண்டையும் மாத்திருங்க அண்ணாச்சி" என்றேன். முருகையாவும் தலையை ஆட்டினார். போன சீசனில் நடுக்கடலில் எஞ்சின் எடுக்காமல் போனதாமே என்று கேட்டேன். "அது பேட்டரி இல்ல வே, வயரு. கொஞ்ச நேரம் மெதந்தோம், சவத்த விடும்" என்று கையை வீசினார். பிறகு எனக்கு வேலையும் சொன்னார்.

"நேத்து எடுத்துச்சு, இன்னைக்கு எடுக்குது, நாளைக்கு எடுக்குமான்னு நான் மாதாட்ட கேட்டுக்கிடுதேன், நீரு சார்ஜை மட்டும் போடும்."

ஆறு மூடி

ஒன்றரை மாதம் கழித்து அந்த இரண்டில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. கூட வந்தவர் ரொசாரி அண்ணாச்சியின் மனைவி செலின். "பேட்டரி ஒரு மாதிரியா இருக்கு, பாருங்க" என்றார். சார்ஜில் போட்டோம். பத்து நிமிஷத்தில் கடை முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசம். முருகையா இருமிக்கொண்டே வெளியே போய் நின்று, "ஆஸ்பத்திரி கழுவின மாதிரில்லா இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

கேட்டால் விஷயம் இதுதான். தடை முடியப் போகிற வாரத்தில் கோயில் பாதிரியார் வந்து படகுகளை மந்திரிப்பது அந்தக் கரை வழக்கம். வலை, எஞ்சின், ஐஸ் பெட்டி எல்லாவற்றின் மேலும் தீர்த்தம் தெளித்திருக்கிறார். பேட்டரி மேல் பட்டதா என்று செலினுக்குச் சந்தேகம். வீட்டுக் குசினியில் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய், பேட்டரியின் ஆறு மூடியையும் திறந்து, மூடிக்கு ஒரு ஜெபம் சொல்லி, கழுத்து வரைக்கும் ஊற்றியிருக்கிறார். பாட்டில் ஒரு பேட்டரிக்குத்தான் போதுமானதாக இருந்தது, அதனால் இன்னொன்று பிழைத்தது. தீர்த்தத்தை அங்கே உப்புச் சேர்த்துத்தான் மந்திரிப்பார்கள். பேட்டரிக்கு உப்பைப் போல விஷம் வேறில்லை, சார்ஜ் போட்டால் குளோரினாகக் கிளம்பும். தகட்டை அரித்துத் தின்றுவிடும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏம்மா, உங்களுக்கு யாரு இந்த யோசனை சொன்னது?" என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். போன வருஷம் படகு மிதந்தது கொஞ்ச நேரம் இல்லையாம், ஒன்றரை நாளாம். வயர்லெஸ்ஸும் செத்துப்போய், வேறொரு படகு தற்செயலாகப் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்ததாம். அந்த ஒன்றரை நாளும் செலின் கோயில் வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுபடி அப்படி ஆகக்கூடாது என்றுதான் ஊற்றியிருக்கிறார். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் கடைக்காரன் இல்லையா, வாய் சும்மா இருக்காது. இனிமேல் டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

"போன வருசம் அதைத்தான் ஊத்துனோம் அண்ணாச்சி, அது என்ன செஞ்சிச்சு?"

பன்னிரண்டு வயது

மறுநாள் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். ரொசாரி அண்ணாச்சி வாசலிலேயே நின்று, "ஒண்ணுதான் செத்திருக்கு, ஒண்ணு குடும்" என்றார். பேட்டரி தொழிலில் இதைவிடப் பழைய தப்பு கிடையாது. சோடியாக வேலை செய்கிற பேட்டரியில் ஒன்றைப் புதிதாகவும் ஒன்றைப் பழையதாகவும் போட்டால், பழையது ஒழுங்காகச் சார்ஜ் வாங்காது, புதியதையும் ஒழுங்காக வேலை செய்யவிடாது. கடைசியில் இரண்டும் சேர்ந்து படுக்கும். இதை நான் மேஜையைத் தட்டித் தட்டி, வயரைக் காட்டி, மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்கும் இவளுக்கும் பன்னெண்டு வயசு வித்தியாசம். இருவத்தாறு வருசமா சோடியா ஓடலையா வே?" என்று கேட்டார். முருகையா ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். புதுப் பேட்டரியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த செலின்தான் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஓடுது, யாரு யாரை இழுத்துக்கிட்டு ஓடுதோம்ன்னு மட்டும் இவுகள்ட்ட கேளுங்க அண்ணாச்சி."

பச்சையா, மஞ்சளா

ஒன்றைத்தான் வாங்கிப் போனார். தடை முடிந்து படகு கிளம்புகிற அன்று காலை அவரே போன் செய்தார். "வே, வந்து அந்தப் பழசை ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டுப் போயிரும். நீரு சொல்லாம ஏறக்கூடாதுங்கா செலின். சோறு வடிக்க மாட்டேங்கா" என்றார். டெஸ்டரை எடுத்துக்கொண்டு லோடு ஆட்டோவில் கரைக்குப் போனேன். போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று புதுப் பேட்டரி ஒன்றையும் ஏற்றிக்கொண்டேன். வியாபார புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் ஏற்றி முடித்து எட்டுப் பேரும் தயாராக நின்றார்கள். படகின் எஞ்சின் டிரைவர் மிக்கேல் என்பவர் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஸ்பேனரை உரசிப் பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். பொறி நீலமாக வந்தால் நல்ல பேட்டரியாம். அந்த ஸ்பேனரைப் பிடுங்கித் தூரப் போட்டுவிட்டு டெஸ்டரை மாட்டினேன். முள் பச்சைக்குப் போனது. நான் மூச்சு விடுவதற்குள் பைய இறங்கி மஞ்சளில் வந்து நின்றுவிட்டது. மஞ்சள் என்றால் ஓடினாலும் ஓடும், படுத்தாலும் படுக்கும். பத்து நாள் தங்கலுக்கு அது போதாது. "மஞ்சள்ல நிக்கி அண்ணாச்சி, மாத்திருங்க" என்றேன்.

ரொசாரி அண்ணாச்சி தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "ஏலே, பேட்டரிக் கடைக்காரரு என்னைக்காவது பச்சைன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களாலே?" என்றார். ஏழு பேரும் சிரித்தார்கள். பக்கத்துப் படகிலும் சிரித்தார்கள். செலின் மட்டும் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து, "போலாமா அண்ணாச்சி? நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். உங்களிடம் மறைப்பானேன். இருபத்திரண்டு வருஷமாக விற்பதற்காகப் பயமுறுத்துகிறான் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் நான். அத்தனை பேர் சிரித்ததும் ரோஷம் வந்துவிட்டது. "தாராளமாப் போலாம். இந்தத் தங்கலுக்குத் தாங்கும்" என்று சொல்லிவிட்டேன். முள் அப்போதும் மஞ்சளில்தான் நின்றது. ரொசாரி அண்ணாச்சி என் முதுகில் தட்டினார்.

"இப்பதான் வே நீரு வியாபாரி மாதிரி இல்லாம மனுசன் மாதிரிப் பேசுதீரு."

இரண்டு சாரம்

டெஸ்டரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினால், "எங்கன போறீரு? ஏறும்" என்கிறார். அந்தக் கரையில் ஒரு முறை இருக்கிறது. தடைக்காலத்தில் படகில் வேலை பார்த்தவர்கள், முதல் நாள் அந்தப் படகிலேயே ஏறிக் கரை மறைகிற வரைக்கும் போய்விட்டு, திரும்பி வருகிற வேறு படகில் வரவேண்டும். தன் வேலையில் தனக்கு நம்பிக்கை உண்டு என்று காட்டுவதற்கு. படகுக்குப் பலகை அடைத்த ஓடாவி, அதாவது படகுத் தச்சர், ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் எப்போதும் கடையிலேயே வேலையை முடித்து அனுப்பிவிடுவதால் இந்த முறையிலிருந்து தப்பித்து வந்திருக்கிறேன். சரி, ஒரு மணி நேரம்தானே, கடல் காற்று வாங்கியது போலவும் ஆயிற்று என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

அதுவரைக்கும் வாயைத் திறக்காத மிக்கேல் அப்போது திறந்தார். "ஓடாவி வேலையில கொறை இருந்தா ஒரு மணி நேரத்துல தண்ணி ஏறிக் காட்டிக் குடுத்துரும். பேட்டரி அப்படி இல்லல்லா. அது அஞ்சாம் நாளு, ஆறாம் நாளுல்லா படுக்கும். அதனால பேட்டரி அண்ணாச்சி பத்து நாளும் வாரதுதான் மொறை" என்றார். அவர் கேலி செய்யவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, நிஜமாகவே யோசித்துச் சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஓடாவிகூட வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையை ஆட்டினார். மாற்று உடுப்புக்கு என்ன செய்ய என்று ஒருவர் கேட்க, செலின் வீட்டுக்குப் போய் ரொசாரி அண்ணாச்சியின் சாரம், அதாவது கைலி, இரண்டை மடித்து எடுத்து வந்தார்.

அப்போதுதான் அந்தப் பேட்டரிக்கு நாலு வயது என்பது எனக்கு ஞாபகம் வந்தது. டெர்மினலில் பச்சை பூத்தது ஞாபகம் வந்தது. ஒன்றரை நாள் ஞாபகம் வந்தது. எனக்கு ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கு மேல் பழக்கமில்லை என்பதும் சேர்ந்து ஞாபகம் வந்தது. "அண்ணாச்சி, எதுக்கும் அந்தப் பழசையும் மாத்திருவோம்" என்றேன். "புதுசுக்கு இப்ப எங்கன போக?" என்றார் ரொசாரி அண்ணாச்சி. "வண்டியில இருக்கு" என்றேன். கரை முழுக்கச் சிரித்த சிரிப்பை நான் இங்கே எழுதப் போவதில்லை. மிக்கேலும் நானுமாகப் பேட்டரியை மாற்றி முடித்தோம். முள் பச்சைக்குப் போய் அங்கேயே நின்றது. அப்படியானால் ஓடாவியோடு ஒரு மணி நேரம் வந்தால் போதும் என்று தீர்ப்பானது.

ஏறப் போகும்போது செலின் அந்தச் சாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார். இந்த முறையும் அவர் சிரிக்கவில்லை. என்னை நம்பிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்குத்தான் நான் பொய் சொன்னேன். என் வேலையில் அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

"உங்களுக்குன்னு வந்ததும் மஞ்சள் தெரிஞ்சிருச்சு, இவுக எட்டுப் பேருக்குன்னும் அது தெரிஞ்சிருக்கலாமே அண்ணாச்சி."

ஐந்தாம் நாள்

கழற்றிய பழைய பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தேன். முருகையாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அதை மேஜையில் ஏற்றிப் படகில் இருக்கிற அளவுக்கு விளக்குகளைக் கணக்குப் பார்த்து மாட்டினார். பகலில் எஞ்சின் ஏற்றுகிற அளவுக்குச் சார்ஜ் ஏற்றுவது, மற்ற நேரம் விளக்கை எரியவிடுவது, காலையில் எஞ்சினை எடுப்பதற்குப் பதிலாக டெஸ்டரை மாட்டிப் பார்ப்பது. நாலு நாள் மஞ்சளிலேயே நின்று என் மானத்தைக் காப்பாற்றியது. ஐந்தாம் நாள் காலை முள் நேராகச் சிவப்பில் விழுந்தது, அப்புறம் எழும்பவே இல்லை. ஒரு செல் அடியோடு போய்விட்டது. படகு அந்த நேரம் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முருகையா வாங்கி வந்த டீ ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் தொடவில்லை.

தங்கல் முடிந்து ரொசாரி அண்ணாச்சி ஒரு பை நிறையச் சீலா மீனோடு வந்தார். முகம் கறுத்து, குரல் கம்மி, நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "பத்து நாளும் ஒரு மக்கர் இல்ல வே, தொட்டா எடுக்குது. இப்படின்னு தெரிஞ்சிருந்தா பழசையே வச்சிருக்கலாம்" என்றார். மேஜை மேல் இருந்த பேட்டரியைக் காட்டி, ஐந்தாம் நாள் என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. டெஸ்டரைத் தானே எடுத்து மாட்டினார். சிவப்பு. கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார். சிவப்பு. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தார். மிக்கேல், மற்ற பையன்மார் என்று ஒவ்வொரு பேராக வாய்க்குள் சொல்லிக்கொண்டது போல இருந்தது. எழுந்து போகும்போது வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வே, இது செத்துப்போச்சுன்னு செலின்ட்ட மட்டும் சொல்லிராதேயும்."

எத்தனையோ மீட்டர் வாங்கிப் போட்டிருக்கிறேன், ஆனாலும் ஒரு பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும் என்பதை எனக்குச் சரியாகக் காட்டியது, நீரும் பத்து நாள் கூட வாரும் என்று எனக்காக மடித்துக் கொண்டுவந்த அந்த இரண்டு சாரம்தான்.